ஃபேன் சுத்துது, டிஸ்பிளே வரலை

2003, ஆடி மாசம். "ஆடியில புதுசா ஒண்ணும் வாங்கி வைக்காதடா"ன்னு அம்மா சொல்லச் சொல்லக் கேக்காம, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுல கடை கடையா ஏறி இறங்கி, பெண்டியம் 4 பிராசஸர், மதர்போர்டு, 256 எம்பி ராம், ஹார்ட் டிஸ்க், கேபினட்னு தனித்தனியா வாங்கி, பதினஞ்சு இஞ்ச் மானிட்டரை மடியில வெச்சுக்கிட்டு ராத்திரி பஸ்ஸுல திருச்சி வந்து சேர்ந்தேன். மொத்தம் முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேல. அப்பா பி.எஃப்.ல லோன் போட்ட காசு. கடைக்காரரே அசெம்பிள் பண்ணித் தரேன்னார். நான்தான் "இல்லண்ணே, நானே பண்ணிக்கிறேன்"னு பெருமையா சொல்லிட்டு வந்தேன். கல்லூரியில நண்பன் ஒருத்தன் அவன் மெஷினை மாட்டினப்ப பக்கத்துல உக்காந்து பார்த்திருக்கேன்ல, அந்தத் தெனாவெட்டு.

மத்தியானம் ஆரம்பிச்சு சாயங்காலம் ஏழு மணிக்கு முடிஞ்சது. அம்மா கேபினட்டுக்கு சந்தனம் குங்குமம் வெச்சு சூடம் காட்டினாங்க. பட்டனை அமுக்கினேன். ஃபேன் சுத்துச்சு. பிராசஸர் மேல இருக்கிற ஃபேனும் சுத்துச்சு. ஹார்ட் டிஸ்க் உறுமிச்சு. மானிட்டர்ல மட்டும் அந்த ஆரஞ்சு விளக்கு விட்டு விட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. திரை கறுப்பு. ஒரு சத்தமும் இல்லை.

ராமைக் கழட்டி, ரப்பர் போட்டுத் தேய்ச்சு, திரும்ப மாட்டினேன். கேபிளையெல்லாம் பிடுங்கிச் சொருகினேன். ராத்திரி பதினொண்ணு ஆச்சு. அப்பா கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏண்டா, டிவின்னா பட்டனைத் தட்டினா வருது. இது ஏன் வரமாட்டேங்குது? வரலைன்னாலும், என்ன கோளாறுன்னு அதுக்கே சொல்லத் தெரியாதா?"

எனக்குப் பதில் தெரியலை. அவர் போய்ப் படுத்துட்டார். தூங்கினாரான்னு தெரியாது.

அந்த மெஷின் அப்புறம் என்ன ஆச்சுன்னு கடைசியில சொல்றேன். அப்பா கேட்ட அந்த ரெண்டாவது கேள்வி மட்டும் என்னை விடலை. ஒரு கம்ப்யூட்டர் தனக்கு என்ன உடம்புன்னு தானே சொல்லக் கத்துக்கிட்டது எப்போ? அதைத் தேடிப் போனப்ப கிடைச்ச கதைதான் இந்தப் பதிவு.

வீட்டுல மாட்டுற கம்ப்யூட்டர்னா ஆல்டேர் 8800-லேர்ந்துதான் தொடங்கணும். அதுக்கு முன்னாடியும் சில பேர் வீட்டுலயே செஞ்சிருக்காங்க. ஆனா கூட்டமா ஜனங்க உக்காந்து பத்த வெச்சது இதைத்தான். அமெரிக்காவுல நியூ மெக்சிகோ மாநிலம், அல்புகர்கி நகரம். எட் ராபர்ட்ஸ்னு முன்னாள் விமானப்படை ஆள் எம்ஐடிஎஸ்னு ஒரு கம்பெனி வெச்சு கால்குலேட்டர் கிட் வித்துக்கிட்டிருந்தார். பெரிய கம்பெனிகள் கால்குலேட்டர் விலையை அடிமட்டத்துக்கு இறக்கினதும் கடன்ல மூழ்கினார். கடைசி முயற்சியா ஒரு கம்ப்யூட்டர் கிட். 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' பத்திரிகையோட 1975 ஜனவரி இதழ் அட்டையில அது வந்துச்சு. விலை 397 டாலர். அந்தக் காலத்துல இன்டெல் 8080 சிப்பை ஒண்ணு மட்டும் சில்லறையில வாங்கினாலே 360 டாலர். ராபர்ட்ஸ் மொத்தமா வாங்கி 75 டாலருக்கு இறக்கிட்டார். இதுல ஒரு வேடிக்கை உண்டு. பத்திரிகைக்கு அனுப்பின முதல் மாதிரி மெஷின் வழியில பார்சல்லயே தொலைஞ்சு போச்சு. அட்டைப் படத்துல இருந்தது உள்ளே ஒண்ணும் இல்லாத வெறும் பெட்டி. ஆக, உலகத்தையே மாத்தின அந்த அட்டைப் பட கம்ப்யூட்டரும் ஆன் ஆகாத கம்ப்யூட்டர்தான்! (இது தெரிஞ்சப்ப எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.)

சில நூறு வித்தாப் போதும்னு நினைச்சவருக்கு ஆயிரக்கணக்குல ஆர்டர் வந்துச்சு. மாசக்கணக்குல காத்திருந்து ஜனங்க பார்சலைப் பிரிச்சா, உள்ளே பை பையா ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், சிப்பு, வெறும் போர்டு, வயர். நான் செஞ்சது மாதிரி கார்டைச் சொருகி ஸ்க்ரூ முடுக்கிற வேலை இல்லை. ஒவ்வொரு காலையும் சோல்டரிங் அயர்ன் வெச்சுப் பத்த வைக்கணும். சரியாச் சூடேறாம பத்த வெச்ச ஒரு புள்ளி போதும், ஈயம் வழிஞ்சு பக்கத்துக் காலைத் தொட்டாப் போதும், மொத்தமும் செத்துடும். எது தப்புன்னு கண்டுபிடிக்க பூதக்கண்ணாடியும் மல்டிமீட்டரும்தான்.

சரி, எல்லாத்தையும் சரியாவே பத்த வெச்சாச்சு. ஓடுதுன்னு எப்படித் தெரியும்? திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. முன்பக்கம் வரிசையா சிவப்பு விளக்கு, அதுக்குக் கீழே வரிசையா சுவிட்ச். நினைவகம் 256 பைட். எம்பி இல்லைங்க, வெறும் பைட். சுவிட்சை மேலயும் கீழயும் தள்ளி ஒரு பைட்டை வெச்சு, 'டெபாசிட்' சுவிட்சைத் தட்டினா அது நினைவகத்துக்குள்ள போகும். இப்படி ஒவ்வொரு பைட்டா ரெண்டு எண்ணைக் கூட்டுற சின்ன நிரலை உள்ளே தள்ளி, 'ரன்' தட்டி, நிறுத்தி, விடை இருக்கிற இடத்தை 'எக்ஸாமின்' பண்ணணும். சிவப்பு விளக்குகள் சரியான வரிசையில எரிஞ்சா உங்க கம்ப்யூட்டருக்கு உயிர் இருக்கு. இல்லைன்னா, அது ஏன் இல்லைன்னு சொல்ல அந்த மெஷினுக்கு வழியே கிடையாது. கோளாறு சொல்றதுக்குன்னு நிரந்தரமா ஒரு நிரல் உள்ளே இருந்தாத்தானே? மின்சாரம் போனா அத்தனையும் மறந்துபோற பெட்டி அது.

மெஷின் சொல்லாததை மனுஷன்கிட்டதான் கேக்கணும். 1975 மார்ச் 5-ம் தேதி கலிஃபோர்னியாவுல மென்லோ பார்க்ங்கிற ஊர்ல கார்டன் ஃபிரெஞ்ச்ங்கிறவரோட கார் ஷெட்டுல முப்பது பேருக்குக் கொஞ்சம் மேல கூடினாங்க. கூட்டினது அவரும் ஃபிரெட் மூரும். ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப். பிற்பாடு கூட்டம் பெருகி ஸ்டான்ஃபோர்டோட ஒரு பெரிய அரங்கத்துக்கு மாறினப்போ லீ ஃபெல்சென்ஸ்டைன் அதை நடத்தினார். ஒவ்வொருத்தரா எழுந்து "எனக்கு இது தேவை", "என்கிட்ட இது இருக்கு"ன்னு சொல்லணும். அப்புறம் எல்லாரும் கலைஞ்சு அவங்கவங்களுக்கு வேண்டிய ஆளைத் தேடிப் பிடிச்சுக்கணும். இந்தக் கிளப்பைப் பத்தி எழுதுறவங்க பெரும்பாலும் 'புரட்சி'ன்னு எழுதுறாங்க. எனக்கு அது ஆஸ்பத்திரி வெளி நோயாளிகள் வரிசை மாதிரிதான் தெரியுது. கையில செத்த போர்டோட வந்த ஆளுங்க, பக்கத்துல நிக்கிறவன்கிட்ட "உனக்கும் இப்படித்தானா?"ன்னு கேக்கிற இடம்.

அதிகமா செத்தது நினைவகம். 256 பைட்டை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது, அதனால எம்ஐடிஎஸ் 4 கிலோபைட் போர்டு தனியா வித்தது. அது டைனமிக் ராம். அதாவது ஓட்டைக் குடத்துல தண்ணி மாதிரி. வெச்சது கசிஞ்சு போய்க்கிட்டே இருக்கும். நொடியில ஆயிரத்துல ரெண்டு பங்கு நேரத்துக்குள்ள திரும்பத் திரும்ப நிரப்பிக்கிட்டே இருக்கணும். இதுக்கு ரெஃப்ரெஷ்னு பேர். எம்ஐடிஎஸ் போர்டு இந்த நிரப்புற வேலையைச் சரியாச் செய்யலை. வாங்கினவங்க தங்களோட சோல்டரிங்தான் மோசம்னு நினைச்சு ராத்திரியெல்லாம் தேடியிருப்பாங்க. தப்பு அவங்க கையில இல்லை, டிசைன்லயே இருந்துச்சு. முதல் தடவை மாட்டுறவனுக்கு இருக்கிற பெரிய சாபம் இதுதான்: பொருள்ல கோளாறா, தன் கையில கோளாறான்னு அவனுக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது.

ஹோம்ப்ரூ முதல் கூட்டத்துக்கு வந்திருந்த பாப் மார்ஷ் இதைப் பார்த்துட்டு, கசியாத ஸ்டேட்டிக் ராம் வெச்சு 4 கிலோபைட் போர்டு செஞ்சு விக்க ஆரம்பிச்சார். ப்ராசஸர் டெக்னாலஜின்னு பெர்க்லியில ஒரு கராஜ் கம்பெனி. ஜனங்க அங்கே ஓடினாங்க. எம்ஐடிஎஸ்ஸோ தன் ராம் போர்டை வாங்கினாத்தான் பேசிக் மென்பொருளைக் குறைஞ்ச விலைக்குத் தருவேன்னு சொன்னது. ஓடாத போர்டை எவன் வாங்குவான்? போர்டை மார்ஷ்கிட்ட வாங்கிட்டு பேசிக்கைக் காப்பி அடிச்சாங்க. அந்த பேசிக்கை எழுதின ஆளு கோபப்பட்டு 1976 பிப்ரவரியில 'பொழுதுபோக்குக்காரர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம்' எழுதினார். எழுதினது பில் கேட்ஸ். மென்பொருள் திருட்டுன்னு உலகம் இன்னிக்கும் பேசுற சண்டையோட முதல் அத்தியாயத்துல ஒரு பழுதான ராம் போர்டு உக்காந்திருக்கு. திருடினது சரியா தப்பாங்கிறதுக்குள்ள நான் போகலை. அவர் கடிதத்துல அந்த ராம் போர்டுக்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

ஸ்டீவ் டாம்ப்பியர் கதையைச் சொல்லாம இந்த ஊரை விட்டுப் போக மனசு வரலை. ஆர்டர் பண்ணின ஆல்டேர் வரலைன்னு அல்புகர்கிக்கே நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்த ஆள் அவர். பார்சல் வந்து, பத்த வெச்சு, ஓட வெச்சாச்சு. ஒருநாள் ஏதோ நிரல் ஓடிக்கிட்டிருக்கப்ப பக்கத்துல ஒரு ரேடியோ பாடிக்கிட்டிருந்துச்சு. ஆல்டேர் ஓட ஓட ரேடியோவுல கர்ர்ர், சர்ர்ர்னு சத்தம். கவனிச்சா, நிரல் மாறினா சத்தமும் மாறுது. கம்ப்யூட்டர்லேர்ந்து கசியுற மின்காந்த அலையை ரேடியோ பிடிக்குது. அவ்வளவுதான், எந்தச் சுற்று எந்த சுருதின்னு கணக்குப் பண்ண ஆரம்பிச்சுட்டார். 1975 ஏப்ரல்ல ஹோம்ப்ரூ கூட்டத்துக்கு ஆல்டேரையும் ரேடியோவையும் தூக்கிட்டு வந்தார். தரையில உக்காந்து சுவிட்ச் சுவிட்சா நிரலைத் தள்ளினார். யாரோ வயரைத் தட்டிவிட, மின்சாரம் போய் எல்லாம் அழிஞ்சுது. மறுபடி முதல்லேர்ந்து. கடைசியில ரேடியோ வழியா பீட்டில்ஸோட 'தி ஃபூல் ஆன் தி ஹில்' கேட்டப்போ அரங்கமே எழுந்து நின்னு கை தட்டியிருக்கு. வாயே இல்லாத பெட்டி முதல் தடவையா வாயைத் திறந்துச்சு. அதுவும் தன் கசிவு வழியா.

அடுத்த வருஷமே காத்து மாறுச்சு. ஹோம்ப்ரூவுல ஸ்டீவ் வோஸ்னியாக்னு கூச்ச சுபாவி ஒருத்தர் தன் டிசைனை இலவசமாவே நகல் எடுத்துக் குடுத்துக்கிட்டிருந்தார். மத்தவங்களுக்கு அதைச் செய்யவும் உதவினார். அதை கிட்டா விக்கலாம்னு கிளம்பினப்போ, பைட் ஷாப்னு கடை வெச்சிருந்த பால் டெரெல் "கிட் வேண்டாம். பத்த வெச்சு, ஓடுற போர்டா குடு. 500 டாலர் வீதம் 50 எடுத்துக்கிறேன்"னார். கடைக்காரருக்கு நிலவரம் தெரிஞ்சிருந்துச்சு. கிட் வாங்கின ஆளுங்க மாட்டத் தெரியாம திரும்ப அவர் கடை வாசல்லதான் வந்து நிப்பாங்க. அதுதான் 1976-ல ஆப்பிள் 1. 666.66 டாலர். கேபினட், கீபோர்டு எல்லாம் நீங்களே பாத்துக்கணும்.

அதுல ஒரு விஷயம் முக்கியம். முன்பக்க சுவிட்சுகள் காணாமப் போயிடுச்சு. பதிலா மின்சாரம் போனாலும் மறக்காத ராம் (இங்கே ஆர்ஓஎம், தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே எழுத்துங்கிறது பெரிய தலைவலி, இனிமே இதை நிரந்தர நினைவகம்னே சொல்றேன்), அதுல 256 பைட் நிரல். கீபோர்டுல தட்டினா திரையில எழுத்து வர வைக்க அது போதும். 1977-ல வந்த ஆப்பிள் 2-ல சின்ன ஸ்பீக்கரும் சேர்ந்துச்சு. ஆன் பண்ணினா 'பீப்'. நான் வந்துட்டேங்கிறதுக்கு அடையாளம்.

நம்ம வீட்டு மெஷினோட நேரடிப் பாட்டன் 1981 ஆகஸ்ட் 12 அன்னிக்கு ஐபிஎம் வெளியிட்ட பிசி. ஆன் பண்ணினதும் தன்னைத் தானே சோதிச்சுக்கிறதுக்கு ஒரு நிரலை நிரந்தர நினைவகத்துல வெச்சாங்க. பவர் ஆன் செல்ஃப் டெஸ்ட், சுருக்கமா போஸ்ட். பெரிய கம்ப்யூட்டர் செஞ்சு பழகின கம்பெனி, அந்தப் பழக்கத்தைச் சின்னப் பெட்டிக்குள்ளயும் கொண்டுவந்துச்சு. அந்த பயாஸை எழுதினதுல முக்கியமானவர் டேவிட் பிராட்லி. கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் கண்டுபிடிச்ச அதே ஆள்தான்.

அது என்ன வரிசையில நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி கோளாறை உக்காந்த இடத்துலயே கண்டுபிடிச்சுடலாம். எஸ்எம்பிஎஸ் ஆன் ஆனதும் உடனே பிராசஸர் ஓடாது. வோல்டேஜ் நிலையா நின்னதுக்கு அப்புறம் எஸ்எம்பிஎஸ் 'பவர் குட்'னு ஒரு வயர்ல தகவல் சொல்லும். அதுவரைக்கும் பிராசஸரை ரீசெட்லயே பிடிச்சு வெச்சிருப்பாங்க. விட்டதும் 8088 பிராசஸர் தன் 1 எம்பி முகவரி எல்லையோட கடைசி 16 பைட்டுக்குப் போகும். அங்கே 'இங்கே தாவு'ன்னு ஒரு கட்டளை இருக்கும். அதுலேர்ந்து பயாஸ் ஆரம்பம். முதல்ல பிராசஸர் தன்னைத் தானே சோதிக்கும். அப்புறம் நிரந்தர நினைவகம் பழுதில்லாம இருக்கான்னு கூட்டிப் பார்க்கும். டைமர், டிஎம்ஏ, முதல் கொஞ்சம் ராம், டிஸ்பிளே கார்டு, மீதி ராம், கீபோர்டு, ஃபிளாப்பி. எல்லாம் சரியா இருந்தா ஒரே ஒரு சின்ன பீப்.

இதுல எனக்குப் பிடிச்ச நுணுக்கம் ஒண்ணு இருக்கு. நிரல் எழுதுறவங்களுக்குத் தெரியும், ஒரு துணை நிரலுக்குப் போயிட்டுத் திரும்பி வரணும்னா, வர வேண்டிய முகவரியை ராம்ல ஸ்டாக்ங்கிற இடத்துல எழுதி வைக்கணும். ராமையே இன்னும் சோதிக்கலையே? நம்பி எப்படி எழுதுறது? அதனால திரும்பி வர வேண்டிய முகவரியை முன்கூட்டியே நிரந்தர நினைவகத்துல எழுதி வெச்சு, அதையே ஸ்டாக்னு பிராசஸரை நம்ப வெச்சாங்க. கெட்டியான்னு தெரியாத தரையில கால் வைக்காம சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே நடக்கிற மாதிரி. இதெல்லாம் எப்படித் தெரியும்னா, ஐபிஎம் அந்த நிரலை வரி விடாம தன் டெக்னிக்கல் ரெஃபரன்ஸ் புத்தகத்துல அச்சடிச்சே வித்தது.

பீப் ஏன் வேணும்ங்கிறதும் இங்கேதான் புரியும். டிஸ்பிளே கார்டைச் சோதிச்சு முடிக்கிற வரைக்கும் திரையில எழுத முடியாது. ஆனா ஸ்பீக்கரைக் கத்த வைக்க ராமும் வேணாம், திரையும் வேணாம். பிராசஸரும் டைமரும் போதும். ஒரு நீளம் ரெண்டு குட்டைன்னா டிஸ்பிளே கோளாறு. திரை வந்ததுக்கு அப்புறம்னா எண்ணைக் காட்டும்; 201 ராம், 301 கீபோர்டு, 601 ஃபிளாப்பி. கீபோர்டே இல்லைன்னு சொல்லிட்டு "தொடர எஃப்1-ஐ அழுத்தவும்"னு கேக்கிற பிரபல ஜோக்கும் இந்தப் பரம்பரையில வந்ததுதான்.

அப்போ அப்பா கேள்விக்கு 1981-லயே பதில் கிடைச்சாச்சு, மெஷின் பேசிடுச்சு. ஆனா நல்லது நாலு நாள்தான். ஐபிஎம் மாதிரியே செய்ய மத்தவங்க கிளம்பினாங்க. புத்தகத்துல அச்சான நிரலை அப்படியே எடுத்தா காப்பிரைட் வழக்கு. அதனால காம்பேக் கம்பெனி 1982-ல ஒரு வழி பண்ணிச்சு. ஒரு குழு ஐபிஎம் நிரலைப் படிச்சு அது என்ன செய்யுதுன்னு மட்டும் எழுதிக் குடுக்கும். அந்த நிரலைக் கண்ணாலயே பார்க்காத இன்னொரு குழு அதை வெச்சுப் புதுசா எழுதும். 1984-ல ஃபீனிக்ஸ் கம்பெனி இதே மாதிரி ஒரு பயாஸைச் செஞ்சு, கேட்டவங்களுக்கெல்லாம் வித்துச்சு. அவார்டு, ஏஎம்ஐ கம்பெனிகளும் வந்தாச்சு. இதனாலதான் ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி தெருக்களே சாத்தியமாச்சு. யார் போர்டையும் யார் கார்டோடயும் சேர்க்கலாம்.

ஆனா பீப் மொழி ஆளுக்கொண்ணா சிதறிப் போச்சு. அவார்டுல ஒரு சின்ன பீப்னா எல்லாம் சுகம். ஏஎம்ஐ பட்டியல்லயோ ஒரு பீப்னா ராம் ரெஃப்ரெஷ் கோளாறு! (1975-ல எம்ஐடிஎஸ் போர்டைக் கொன்ன அதே ரெஃப்ரெஷ்.) எட்டு பீப் டிஸ்பிளே நினைவகம். ஃபீனிக்ஸ்ல ஒண்ணு-ஒண்ணு-மூணுன்னு இடைவெளி விட்டு மிருதங்கம் வாசிக்கும். போர்டு புத்தகம் கையில இல்லைன்னா கத்தினதும் வீண். அதுக்குத்தான் மெக்கானிக்குகள் டீபக் கார்டு வெச்சிருந்தாங்க. 1984-ல வந்த ஐபிஎம் ஏடி மெஷின்லேர்ந்து, ஒவ்வொரு சோதனையையும் தொடங்குறதுக்கு முன்னாடி அதோட எண்ணை போர்ட் 80-ங்கிற இடத்துக்கு பயாஸ் அனுப்பும். சொருகின கார்டுல ரெண்டு இலக்கம் ஓடும். எங்கே நிக்குதோ அங்கே கோளாறு.

இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி, கரண்டு. பழைய ஏடி மெஷின்ல போர்டுக்கு ரெண்டு கனெக்டர், பி8, பி9. பக்கத்துல பக்கத்துல சொருகணும். மாத்திச் சொருகினா போர்டு புகை. "கறுப்பும் கறுப்பும் நடுவுல"ங்கிறது அந்தத் தலைமுறை மெக்கானிக்கோட மந்திரம். 1995-ல இன்டெல் ஏடிஎக்ஸ் கொண்டுவந்து ரெண்டையும் தப்பாச் சொருகவே முடியாத ஒரே 20 பின் கனெக்டர் ஆக்கிச்சு. முன்பக்கப் பட்டனும் வெறும் மணி அடிக்கிற பட்டன் ஆச்சு. அது போர்டுக்குச் சொல்லும், போர்டு எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்பும். அப்புறம் 2000-ல பெண்டியம் 4 வந்துச்சு. அதுக்குப் பசி ஜாஸ்தி. பிராசஸருக்கு மட்டும் தனியா 12 வோல்ட் குடுக்க, ரெண்டு மஞ்சள் ரெண்டு கறுப்பு வயரோட குட்டியா ஒரு 4 பின் கனெக்டர் சேர்ந்துச்சு.

இப்போ என் வீட்டுக்கு வருவோம். மறுநாள் காலையில தெருக்கோடியில டிவி ரிப்பேர் பண்ற அண்ணனைக் கூட்டிட்டு வந்தேன். கம்ப்யூட்டரும் கொஞ்சம் பார்ப்பார். வந்ததும் நான் ராமைப் பிடுங்கப் போக, கையில ஒரு தட்டு. "முதல்ல ப்ளக்கைப் புடுங்குப்பா. ஆஃப்ல இருந்தாலும் போர்டுல அஞ்சு வோல்ட் நிக்கும்." ப்ளக்கை எடுத்துட்டு ராமை முழுசா கழட்டி வெச்சார். "இப்ப ஆன் பண்ணு. நல்ல போர்டுன்னா ராம் இல்லைன்னு கத்தணும்."

கத்தலை.

"அப்ப ராம் இல்ல கோளாறு. கத்தவே ஆள் இல்ல. பிராசஸர் எந்திரிக்கவே இல்ல"ன்னு சொல்லிட்டு டார்ச் அடிச்சுப் பார்த்தார். எஸ்எம்பிஎஸ்லேர்ந்து வர்ற வயர்க் கொத்துல, தொங்கக் கூடாதுன்னு நானே அழகா டேக் போட்டுக் கட்டி வெச்சிருந்த வயர்ல அந்த நாலு பின் கனெக்டர் இருந்துச்சு. டேகை வெட்டி, பிராசஸர் பக்கத்துல இருந்த சதுர ஓட்டையில சொருகினார். ராமை மாட்டினார். பட்டன். ஒரு சின்ன பீப்.

நண்பன் எனக்கு மாட்டிக் காட்டினது பெண்டியம் 3. அதுல அந்த ஓட்டையே கிடையாது. 20 பின் கனெக்டரைச் சொருகினா வேலை முடிஞ்சுது. நான் பார்த்தது பார்த்தபடி சரியாத்தான் செஞ்சிருந்தேன், மூணு வருஷம் பழைய விதிப்படி. ஃபேனுக்கு கரண்டு பெரிய கனெக்டர் வழியா வந்துச்சு, அதனால சுத்துச்சு. பிராசஸருக்கு வரலை. பீப் அடிக்கிறதே பிராசஸர்தானே? 1981-ல ஐபிஎம் வாய் வெச்சுது, ஆனா நெஞ்சு துடிச்சாத்தான் அந்த வாய் பேசும்.

அண்ணன் காசு வாங்கலை. டீ மட்டும் குடிச்சார். அப்பா அன்னிக்கு ஆபீஸ் போயிருந்தார். சாயங்காலம் வந்தவர் திரையில விண்டோஸ் ஓடுறதைப் பார்த்துட்டு, "என்னவாம்?"னார். "ஒரு வயர் சொருகலைப்பா"ன்னேன். "அதைச் சொல்லியிருக்கலாம்ல அது"ன்னார்.

அந்த மெஷின் 2006 வரைக்கும்தான் ஓடுச்சு. ஒருநாள் திரும்ப அதே ஃபேன், அதே கறுப்புத் திரை. இந்தத் தடவை வயரெல்லாம் சரி. பிராசஸரைச் சுத்தி நிக்கிற கெப்பாசிட்டர்களோட தலை பணியாரம் மாதிரி உப்பி, சிலதுல பழுப்பா கசிஞ்சிருந்துச்சு. என் கை ராசின்னு நினைச்சேன். பார்த்தா உலகம் முழுக்க அந்த வருஷங்கள்ல லட்சக்கணக்கான போர்டுகள் இப்படித்தான் செத்திருக்கு. உள்ளே இருக்கிற திரவத்தோட கலவை தப்பு. வாயு உண்டாகி, தலை உப்பி வெடிக்குது. ஒரு ஜப்பானியக் கம்பெனியோட சூத்திரத்தை யாரோ அரைகுறையா திருடிட்டுப் போய் தைவான்ல செஞ்சதால வந்த வினைன்னு 2002, 2003-ல ஒரு கதை பரவுச்சு, அது நிரூபிக்கப்படலை. நஷ்டம் மட்டும் நிஜம். டெல் கம்பெனி 2005-ல இதுக்காகவே 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்துச்சு. ஆல்டேர் ராம் போர்டு வாங்கினவன் மாதிரியே, இந்தத் தடவை தப்பு என் கையில இல்லை.

இப்போ வர்ற கேபினட்டுகள்ல பல சமயம் அந்த ஸ்பீக்கரே வர்றதில்லை. பதிலா போர்டு ஓரத்துல நாலு குட்டி விளக்கு. பிராசஸர், ராம், டிஸ்பிளே, பூட்னு. எங்கே கோளாறோ அது எரியும். ஒருவிதத்துல ஆல்டேரோட சிவப்பு விளக்குகள் திரும்பி வந்தாச்சு.

2023-ல அக்கா பையன் முதல் மெஷினை அவனே மாட்டினான். ராத்திரி பத்து மணிக்கு ஃபோன்.

"மாமா, ஃபேன் சுத்துது, டிஸ்பிளே வரலை."

"விளக்கு ஏதாவது எரியுதா பாரு."

"ராம் விளக்கு ஆரஞ்சா எரியுது மாமா. கழட்டி மாட்டவா? நாலு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்."

"எத்தனை நிமிஷம் விட்டுப் பார்த்த?"

"ஒரு நிமிஷம்."

டிடிஆர் 5 ராம். முதல் தடவை ஆன் பண்றப்ப போர்டு அந்த ராமுக்கு ஏத்த மாதிரி தன் நேரக் கணக்கைப் பழகிக்கும். சில போர்டுகள்ல அதுக்கே பல நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் திரை கறுப்பாத்தான் இருக்கும். இவன் ஒவ்வொரு தடவையும் பாதியில ஆஃப் பண்ணிட்டிருந்திருக்கான்.

"டேய், ஆன் பண்ணிட்டுக் கையைக் கட்டிக்கிட்டு உக்காரு. பத்து நிமிஷம் எதையும் தொடாத. அப்பா எங்கே?"

"பக்கத்துலதான் நிக்கிறார் மாமா. ஒண்ணும் பேசலை."

"அவர்கிட்ட ஃபோனைக் குடு"ன்னேன்.